யாருடைய மகன் பவல்?

'பவல்' என்ற குடும்பப் பெயரைக் கேட்டால் அசல் ஆங்கிலப் பெயர் மாதிரிதான் தோன்றும். உண்மையில் அது தேய்ந்துபோன ஒரு தொடர். வெல்ஷ் மொழியில் 'அப்' என்றால் மகன். 'அப் ஹவெல்', ஹவெலின் மகன். பேச்சில் இரண்டும் ஒட்டி, முன்னெழுத்து உதிர்ந்து, பவல் ஆயிற்று. பிரைஸ், பெவன் எல்லாம் இப்படி வந்தவைதான்.

வேல்ஸில் முன்பு நிலையான குடும்பப் பெயர் வழக்கமில்லை. ரீஸின் மகன் ஹவெல், ஹவெலின் மகன் டேவிட் என்று தலைமுறைக்குத் தலைமுறை மாறும். மகளுக்கு 'வெர்க்'. கல்யாணமானாலும் அவள் இன்னாரின் மகள்தான். புருஷன் பெயர் வந்து ஒட்டாது. இந்தச் சங்கிலியைப் பல கண்ணிகள் சொல்வது வெட்டிப் பெருமையல்ல. 10ஆம் நூற்றாண்டு அரசன் ஹவெல் தாவின் பெயரால் வழங்கிய சட்டத்தில் நிலம் மகன்களுக்குச் சமமாகப் பிரிந்தது. கொலைக்கான ஈட்டுத்தொகையை உறவுமுறை பகிர்ந்து கட்டியது. உறவுதான் சொத்து, உறவுதான் பொறுப்பு.

1536, 1543ஆம் ஆண்டுச் சட்டங்கள் வேல்ஸை இங்கிலாந்தோடு இணைத்தன. கோர்ட்டில் ஆங்கிலம் மட்டும். ஆங்கிலம் தெரியாதவனுக்குப் பதவியில்லை. சமபங்கு போய் மூத்த மகனுக்கே நிலம் என்றாயிற்று. குடும்பப் பெயர் வைத்துக்கொள் என்று இந்தச் சட்டங்கள் உத்தரவு போடவில்லை. போடத் தேவையும் இருக்கவில்லை. பெயர்ச் சங்கிலிக்கு அடியிலிருந்த நிலமும் சட்டமும் போனபின் சங்கிலி எதற்கு? நிலவுடைமையாளர்கள் முதலில் மாறினார்கள். சாதாரண ஜனங்களோ சில பகுதிகளில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை பழசை விடவில்லை.

பவல் எல்லை மாவட்டங்களைத் தாண்டி இங்கிலாந்துக்குப் போனது. பிறகு கப்பலேறி ஜமைக்காவுக்கும். அங்கே அடிமைகளின் சந்ததியாரும் பிரிட்டிஷ் குடும்பப் பெயர்களைச் சுமந்தார்கள். தகப்பனைச் சொல்லப் பிறந்த பெயர் வகை, தகப்பன்மார் அழிக்கப்பட்டவர்கள்மேல் வந்து உட்கார்ந்தது.

இனி இரண்டு அரசியல்வாதிகள். சுரங்கத் தொழிலாளியாக இருந்த அனைரின் பெவன், எவனின் மகன், 1948இல் தேசிய மருத்துவ சேவையைத் தொடங்கினார். 1960 முதல் 1963 வரை அதே சுகாதாரத் துறைக்கு அமைச்சர் ஈனாக் பவல். அந்த ஆஸ்பத்திரிகளில் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த நர்சுகள் உழைத்துக்கொண்டிருந்தார்கள். 1968இல் பர்மிங்காமில் குடியேறிகளுக்கு எதிராக 'இரத்த ஆறுகள்' உரையை நிகழ்த்தியவரும் இதே பவல்தான். அவர் பெயரே எல்லை தாண்டி வந்த பெயர் என்பது அன்று யாருக்கு உறைத்தது?

ஜமைக்காவிலிருந்து குடியேறியவர்களின் மகன் காலின் பவல், 2001இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சரானார். 2003இல் இராக் போருக்காக ஐ.நா.வில் வாதாடியவரும் அவரே. ஆக, பூர்வீகம் யாரையும் தானாக நல்லவனாக்கிவிடாது. ஆனால் பெயரைக் காட்டி 'நாங்கள் மண்ணின் மைந்தர்கள்' என்று ஒருவன் கிளம்பும்போது கேட்க நமக்கு ஒரு கேள்வி இருக்கிறது: யாருடைய மகன், எந்த மண்ணிலிருந்து வந்தாய்?