சடுகுடுவும் உலகமும்



ஒரு நாட்டு மக்கள் தம் உயிரெனப் போற்றும் விளையாட்டு, எல்லை தாண்டியதும் கேட்பாரற்றுப் போவதேன்? வேறொரு நாட்டில் பிறந்த விளையாட்டு மட்டும் உலகெங்கும் வேரூன்றி நிற்பதேன்? இவ்வினாவுக்கு விடை காண நாம் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. பொதிகையில் தோன்றிப் புன்னைக்காயல் அருகே கடலோடு கலக்கும் தாமிரபரணியின் இரு கரைகளிலும் ஆடப்பெற்று வரும் சடுகுடுவே போதிய சான்றாகும்.

பிசான அறுவடை முடிந்த வயலிலும், ஆற்று மணலிலும், பொங்கல் நாளிலும், கோயில் கொடையின்போதும் நம் இளைஞர் ஆடும் ஆட்டம் இது. பந்து வேண்டா; மட்டை வேண்டா; வலை வேண்டா; காலணியும் வேண்டா. தரையில் கோடு கிழித்தால் களம் அமைந்துவிடும். செலவு குறைந்த ஆட்டமே எளிதிற் பரவும் என்று பலர் கூறக் கேட்டிருக்கிறேன். அஃது உண்மையாயின், சடுகுடு கால்பந்தையும் முந்தி உலகை வலம் வந்திருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. ஆகவே, காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

முதற் காரணம், எழுதப்பட்ட பொதுவிதி நெடுங்காலம் இல்லாமை. இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் பள்ளிக்கொரு விதமாகவே கால்பந்து ஆடினர். 1863-ஆம் ஆண்டில் லண்டனில் கால்பந்துச் சங்கம் தோன்றி விதிகளை எழுத்தில் வடித்தது. அதன்பின் அவ்வாட்டம் எந்தத் துறைமுகத்தில் இறங்கினும் அதன் சட்டமும் உடன் இறங்கியது. நம் ஆட்டமோ தமிழகத்தில் சடுகுடு என்றும், வங்காளத்தில் ஹாடுடு என்றும், மராட்டிய நாட்டில் ஹுதுது என்றும் பல பெயர் பூண்டது. பஞ்சாபில் அதற்கு வட்டக்களம். பிற இடங்களில் நீள்சதுரம். மராட்டிய நாட்டார் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் விதிகளை ஒழுங்குபடுத்த முனைந்தனர். அகில இந்தியக் கபடிச் சம்மேளனம் 1950-இல்தான் உருவாயிற்று. கால்பந்துச் சங்கத்துக்கும் இதற்கும் இடையே 87 ஆண்டுகள் கழிந்துவிட்டன.

இரண்டாவது காரணம் ஆட்டத்தின் உள்ளேயே இருக்கிறது. பாடிச் செல்பவன் மூச்சு விடாமல் பாடவேண்டும் என்பதே சடுகுடுவின் உயிர்நாடி. மூச்சு அறுந்ததா, அறவில்லையா என்பதை அளக்கும் கோல் யாது? ஊர்க் களத்தில் இது பெரிய சிக்கலன்று. ஆடுவோரும் காண்போரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். பெரியவர் ஒருவர் சொன்னால் தீர்ப்பு முடிந்தது. ஆனால் ஒருவர் மொழியை மற்றவர் அறியாத இரு நாட்டார், ஆயிரக்கணக்கானோர் ஆரவாரிக்கும் அரங்கில் மோதும்போது, காதை மட்டும் நம்பித் தீர்ப்பளிப்பது எங்ஙனம்? பந்து கோட்டைக் கடந்ததைக் கண் காணும். மூச்சு உள்ளே சென்றதைக் கண் காணாது. இதனை உணர்ந்தே பிற்காலத்தார் பாடிச் செல்பவனுக்கு 30 விநாடி எல்லை வகுத்தனர். அணிக்கு எழுவர், ஆடவர்க்கு 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமுமான களம் என அளவுகளும் நிலைபெற்றன. அறிமுகமானவர்களின் நம்பிக்கையால் நடந்த ஆட்டம், அந்நியரும் ஆடத்தக்க ஆட்டமாயிற்று.

மூன்றாவது காரணமே தலையாயது என்பது என் கருத்து. அது, விளையாட்டைச் சுமந்து சென்றவர் யார் என்பது. கால்பந்தையும் கிரிக்கெட்டையும் கடல் கடத்தியவர்கள் ஆங்கில வணிகர், படைவீரர், இருப்புப்பாதைப் பணியாளர், பள்ளி ஆசிரியர் ஆகியோர். கூடைப்பந்து 1891-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியரால் தோற்றுவிக்கப்பட்டது. ஒய்.எம்.சி.ஏ. இயக்கம் சென்ற நாடெல்லாம் அதுவும் சென்றது. அவ்வியக்கத்தைச் சார்ந்த ஹாரி குரோ பக், 1920-இல் சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே பயின்ற ஆசிரியர்கள் பள்ளிதோறும் சென்று, தாம் கற்றதைக் கற்பித்தனர்.

சடுகுடுவும் கடல் கடவாமல் இல்லை. தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்பு சென்று, இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழர் அதனை உடன் கொண்டு சென்றனர். மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்கும் அது சென்றது. ஆயினும், அவ்வேழைத் தொழிலாளரிடம் பள்ளி இல்லை, பதவி இல்லை, அவர்களைப் பார்த்துப் பின்பற்ற எண்ணியவரும் இலர். எனவே, கடல் கடந்த சடுகுடு தோட்டக் குடியிருப்புகளின் முற்றத்தைக் கடக்கவில்லை. ஆள்வோன் ஆடியதை ஊரார் கற்றனர். கூலியாள் ஆடியதை வேடிக்கை பார்த்தனர். இது வரலாறு நமக்குக் காட்டும் கசப்பான உண்மை.

அப்படியாயின் ஆதிக்கமின்றி ஆட்டம் பரவவே இயலாதா? இயலும் என்பதற்கு ஜப்பானிய ஜூடோ சான்று பகர்கிறது. பழைய மற்போர் முறைகளைத் திருத்தி 1882-இல் அதனை உருவாக்கிய ஜிகோரோ கானோ, டோக்கியோ உயர்நிலை ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் தலைவராக விளங்கியவர். ஆபத்தான பிடிகளை நீக்கினார். பயிற்சியைப் படிப்படியாக வகுத்தார். பிறநாட்டாருக்கும் மனமுவந்து கற்பித்தார். 1964-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ முதன்முறையாக இடம்பெற்றபோது, எடை வரம்பற்ற பிரிவில் வென்றவர் ஜப்பானியர் அல்லர். ஆன்டன் கீசிங்க் என்னும் டச்சுக்காரர். அரங்கில் இருந்த ஜப்பானியர் மனம் கலங்கினர். எனினும், ஜூடோ உலகின் உடைமையாயிற்று என்பதற்கு அத்தோல்வியே முத்திரை.

இனி நம் கபடியின் பிற்காலக் கதையைக் காண்போம். 1936-இல் பெர்லினில் ஒலிம்பிக் நடந்தபோது, அமராவதியிலிருந்து சென்ற குழுவினர் இந்திய விளையாட்டுகளைக் காட்சியாக ஆடிக் காட்டினர். அவற்றுள் கபடியும் ஒன்று. காட்சியைக் கண்டவர் கைதட்டினர். கற்பிக்க எவரும் அங்கே தங்கவில்லை. 1990-இல் பீஜிங் ஆசிய விளையாட்டில்தான் அது பதக்க ஆட்டமாயிற்று. 1994-இல் ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற இந்திய அணியில், தாமிரபரணிப் பாசன நாட்டைச் சேர்ந்த மணத்தி கணேசன் ஆடினார். அர்ஜுனா விருதும் பெற்றார். இந்திய ஆடவர் 2014 வரை ஒருமுறையேனும் தங்கத்தை இழக்கவில்லை. நாம் அதனைப் பெருமை என்றோம். ஆனால் எப்போதும் ஒருவரே வெல்லும் ஆட்டத்தை மற்றவர் எதற்காக ஆடுவர்?

2018-இல் ஜகார்த்தாவில் அந்நிலை மாறிற்று. ஆடவர் அரையிறுதியில் ஈரான் நம்மை 27–18 என வென்றது. மகளிர் இறுதியாட்டத்திலும் 27–24 என ஈரானே வென்றது. அந்த ஈரானிய மகளிரைப் பயிற்றுவித்தவர் யாவர்? நாசிக் நகரைச் சேர்ந்த சைலஜா ஜெயின் என்னும் இந்தியப் பெண்மணி! அன்று நம் நாட்டார் பலர் வருந்தினர். ஆசிரியத் தொழிலில் வாழ்நாளைக் கழித்த எனக்கோ, அது நம் கபடியின் வரலாற்றில் மிகச் சிறந்த நாள்களுள் ஒன்றாகத் தோன்றுகிறது. 2023-இல் ஹாங்சோவில் தங்கம் மீண்டது உண்மை. ஆயினும், மகளிர் இறுதியில் தைவான் அணியை நாம் வென்றது 26–25 என்ற ஒரே புள்ளியில்தான். எதிரணி வளர்ந்துவிட்டது, ஆட்டமும் வளர்கிறது. ஒலிம்பிக் பதக்க ஆட்டமாக அது இன்னும் ஏற்கப்படவில்லை என்பதையும் மறத்தலாகாது.

இவ்வளர்ச்சிக்கு நாம் விலையும் கொடுத்திருக்கிறோம். ஊருக்கு ஊர் வேறுபட்டு ஒலித்த சடுகுடுப் பாட்டுகள் இப்போது ‘கபடி, கபடி’ என்னும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன. மணல் போய் விரிப்பு வந்தது. வெறுங்காலுக்குக் காலணி வந்தது. பொதுவிதி வேண்டுமாயின் இவற்றுட் சிலவற்றை விட்டுக்கொடுத்தே தீரவேண்டும். ஆனால் அரங்கில் விட்டுக்கொடுத்ததை ஊரிலும் மறந்துவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மாணவர்களே! நம் இந்தியாவில் எந்த ஆட்டமும் தேசிய விளையாட்டு என அரசால் அறிவிக்கப்படவில்லை. வங்காளதேசமோ கபடியைத் தன் தேசிய விளையாட்டாகக் கொண்டிருக்கிறது. பட்டம் எங்கிருந்தாலும், பரப்பும் பணி கற்பிப்பவர் கையில் இருக்கிறது. நான் தலைமையாசிரியனாகக் கால அட்டவணை வகுத்த ஆண்டுகளில் கண்டறிந்த செய்தி இது: எந்த ஆட்டத்துக்குப் பாடவேளையும் பயிற்சி பெற்ற ஆசிரியரும் உண்டோ, அந்த ஆட்டமே அடுத்த தலைமுறையைச் சென்றடைகிறது. உங்களிற் சிலர் நாளை ஆசிரியராவீர்கள். வெளிமாநிலத்தாரோ வெளிநாட்டாரோ உங்களிடம் வந்து சடுகுடு கற்க விரும்பினால், ஒளிக்காமல் கற்பியுங்கள். உங்கள் பாட்டன் பாடிய சடுகுடுப் பாட்டு ஒன்றையும் சேர்த்துக் கற்பியுங்கள். கற்றவர் ஒருநாள் உங்களையே வெல்லக்கூடும். வெல்லட்டும், அன்றுதான் நம் ஆட்டம் உலகின் ஆட்டமாகும்.