விதியும் வினைமுதலும்

தமிழிலே விதி என்னும் சொல் இருவேறு பொருள்களில் வழங்குகின்றது. இலக்கண விதி, ஆகம விதி என்னுமிடத்து அஃது இவ்வாறு செய்க என ஏவும் கட்டளையைக் குறிக்கின்றது. தலைவிதி, விதிவசம் என்னுமிடத்து மனிதனாற் கடத்தற்கரிய ஊழைக் குறிக்கின்றது. வடமொழியிலும் இச்சொல்லுக்கு இவ்விரு பொருளும் உள. ஒரு சொல் பல பொருள் தருதல் வியப்பன்று. ஆயின் இவ்விரு பொருளும் தம்முள் முரணுவன போலத் தோன்றுகின்றன. ஊழே அனைத்தையும் நடத்துமாயின், ஒருவனை நோக்கி இதனைச் செய்க, இதனை ஒழிக என்று ஏவுதல் பயனற்றதாகும். ஏவுதல் பயனுடையதாயின், ஏவப்பட்டவன் செய்யவும் செய்யாதொழியவும் வல்லவனாதல் வேண்டும்.

இந்து சமயத்தவர் ஊழை நம்பி முயற்சியைக் கைவிட்டனர் என மேனாட்டார் பலர் எழுதினர். நம்மவருள்ளும் அதனை உண்மையென ஏற்றுக்கொண்டவர் உளர். பண்டை நூல்களை வரலாற்று முறையில் நோக்குவோமாயின் வேறொன்று புலப்படும். முழுமையான ஊழ்க்கொள்கை ஒன்று பாரத நாட்டில் இருந்தது உண்மையே. ஆனால் அது வைதிக தரிசனங்களின் கொள்கையன்று. வைதிகரும் சமணரும் பௌத்தரும் அதனை எதிர்த்து நின்றனர். அவ்வெதிர்ப்பின் வழியே கடமை, பொறுப்பு என்பன பற்றிய சிந்தனை தெளிவடைந்தது. அவ்வரலாற்றின் முக்கியமான படிகளை இங்கு நோக்குவாம்.

புத்தரும் மகாவீரரும் வாழ்ந்த காலத்தில் மக்கலி கோசாலர் என்பார் ஆசீவக நெறியைப் பரப்பினார். அவர் கொள்கையின் உயிர்நாடி நியதி என்பது. உயிர்கள் மாசுறுதற்கும் தூய்மையுறுதற்கும் காரணம் ஒன்றுமில்லை; முயற்சி, வலிமை, ஆண்மை என்பன வெறுஞ் சொற்களே; எறியப்பட்ட நூற்பந்து நூல் முடியுமளவும் உருண்டோடுதல் போல, அறிவுடையோரும் அறிவிலாரும் ஒருங்கே வரையறுக்கப்பட்ட காலமெல்லாம் பிறந்துழன்று பின்னரே துன்பத்தின் முடிவெய்துவர் என்று அவர் கூறியதாகத் தீக நிகாயத்திலுள்ள சாமஞ்ஞபல சுத்தம் உரைக்கின்றது. ஆசீவகரின் சொந்த நூல்கள் எமக்குக் கிடைத்தில. எதிரிகளின் வாயிலாகவே அவர்தம் கொள்கையை அறிய வேண்டியிருத்தலின், இச்செய்திகளைச் சற்று எச்சரிக்கையுடன் கொள்ளுதல் தகும்.

ஆயினும் ஆசீவகம் சிறியதொரு கூட்டத்தினரின் கொள்கையாக ஒடுங்கிவிடவில்லை. கி.மு. 3 ஆம் நூற்றாண்டில் அசோக மன்னன் தன் ஆட்சியின் 12 ஆம் ஆண்டிலே கயைக்கு அண்மையிலுள்ள பராபர்க் குன்றில் ஆசீவகர்க்குக் குகைகளை வழங்கினான். அவனுக்குப் பின் வந்த தசரத மன்னன் நாகார்ச்சுனிக் குன்றிலே மேலும் மூன்று குகைகளை வழங்கினான். பண்டுகாபய மன்னன் அநுராதபுரத்தில் ஆசீவகர்க்கு இல்லம் ஒன்று அமைத்தான் என்று மகாவமிசம் கூறுகின்றது. தமிழகத்திலே மணிமேகலையில், வஞ்சி மாநகரிற் சமயக் கணக்கர் பலரை மணிமேகலை வினவும் காதையில் ஆசீவகவாதியும் இடம்பெறுகின்றான். நீலகேசியிலே ஆசீவக வாதத்திற்கெனத் தனிச் சருக்கமே உண்டு. சோழர் காலக் கல்வெட்டுகள் சிலவற்றில் ஆசுவக்கடமை என்னும் வரி குறிக்கப்படுகின்றது. 1951 ஆம் ஆண்டில் ஏ. எல். பாஷம் வெளியிட்ட ஆராய்ச்சி நூல் இச்சான்றுகளை ஒருங்குதொகுத்துத் தந்தது.

இக்கொள்கைக்கு எழுந்த மறுப்புகளுள் எளிமையும் கூர்மையும் மிக்கது சமண ஆகமமாகிய உவாசகதசாவோ என்னும் நூலிற் காணப்படுகின்றது. போலாசபுரத்திலே சத்தாலபுத்தன் என்னும் செல்வமிக்க குயவன் ஆசீவக நெறியைப் பின்பற்றி வாழ்ந்தான். மகாவீரர் அவனிடம் வந்து, வெயிலில் உலர்ந்த மட்கலங்களைக் காட்டி, இவை முயற்சியால் ஆயினவோ முயற்சியின்றி ஆயினவோ என வினவினார். முயற்சியின்றியே ஆயின; எல்லாம் நியதி என்றான் அவன். அங்ஙனமாயின், ஒருவன் உன் கலங்களைத் திருடினாலும் உடைத்தாலும், உன் மனைவியிடம் தகாதவாறு நடந்தாலும் நீ யாது செய்வாய் எனக் கேட்டார். அவனை வைவேன், அடிப்பேன், கொல்லவுஞ் செய்வேன் என்றான் குயவன். முயற்சி என்பதே இல்லையாயின் அவன் செய்தது யாது? நீ அவனை ஒறுப்பது எதன்பொருட்டு? இவ்வினாவின் முன் சத்தாலபுத்தன் தன் கொள்கையைக் கைவிட்டான் என்பது கதை.

இக்கதை தருக்க நூலன்று. எனினும் இதிற் பொதிந்துள்ள தருக்கம் பெரிது. பிறனைக் குறைகூறும் அக்கணமே ஒருவன் பிறனது சுதந்திரத்தை ஒப்புக்கொண்டுவிடுகின்றான். தன் செயலுக்கு ஊழையும் பிறர் செயலுக்கு அவரையும் காரணமாகக் கொள்ளுதல் நேர்மையாகாது.

இனி, வைதிக நூல்கள் ஊழை முற்றாக மறுத்தனவோ எனின், இல்லை. அவை ஊழின் இயல்பை மாற்றி அமைத்தன. யாஞ்ஞவல்கிய ஸ்மிருதி அரசியல் அறங்களைக் கூறுமிடத்து, தெய்வம் எனப்படுவது முற்பிறவியிற் செய்த முயற்சியின் வெளிப்பாடே என விளக்குகின்றது. ஒற்றைச் சில்லினால் தேர் ஓடாதவாறுபோல முயற்சியின்றித் தெய்வமும் நிறைவேறாது என்பது அந்நூலின் உவமை. மகாபாரதத்து அநுசாசன பருவம் முயற்சியை வயலாகவும் தெய்வத்தை வித்தாகவும் உருவகித்தது. இவற்றின்படி ஊழ் என்பது புறத்தே நின்று மனிதனை ஆட்டும் பிறிதொரு சக்தியன்று; அவனுடைய பழைய செயலே. திருவள்ளுவரும் அறத்துப்பாலின் ஈற்றில் 38 ஆம் அதிகாரமாக ஊழை வைத்து அதன் வலியை உணர்த்தியவர், பொருட்பாலிலே 62 ஆம் அதிகாரமாக ஆள்வினையுடைமையை வைத்து முயற்சியின் வலியை உணர்த்தினார். ஒன்றை மட்டும் எடுத்து ஓதுவார் அவர் கருத்தின் பாதியையே ஓதுபவராவர்.

கடமை என்னும் கருத்தை நுணுகி ஆராய்ந்தவர் மீமாஞ்சகர். அறம் என்பது வேதத்தின் ஏவலால் உணரப்படுவது என்பது ஜைமினியின் கொள்கை. அவ்வேவலுக்கே அவர்கள் விதி என்று பெயரிட்டனர். மீமாஞ்சா சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம், ஏவப்படுதற்கு உரியவர் யாவர் என்னும் வினாவை ஆராய்கின்றது. ஆற்றல் இல்லாதவனை நோக்கி ஏவல் எழாது என்பது அவ்வாராய்ச்சியின் அடிப்படை. இங்கே இலக்கணமும் துணைநின்றது. வினைமுதலாவான் தன்வயத்தனாய் நிற்பவன் என்று பாணினி வரையறுத்தார். அதனை அடுத்து, அவ்வினைமுதலைத் தூண்டுபவனும் வினைமுதலே என்றார். நம் மாணாக்கர் இயற்றும் கருத்தா, ஏவும் கருத்தா எனப் படிக்கும் பாகுபாடு இதனோடு ஒத்தது. ஏவுவான் ஒருவன் உளன் என்பதனால் இயற்றுவானின் தன்வயம் அழிவதில்லை.

ஏவல் மனிதனை எவ்வாறு செயலில் ஈடுபடுத்துகின்றது என்பதில் மீமாஞ்சகர் தம்முள் மாறுபட்டனர். விரும்பிய பயனுக்கு இது கருவி என அறிவித்தலே ஏவலின் பணி என்று மண்டனமிசிரர் விதிவிவேகம் என்னும் நூலிற் கூறினார். கட்டளை என உணர்தலே செயலுக்குப் போதியது, பயனாசை அன்று என்பது பிரபாகரர் கட்சி. எக்கட்சியைக் கொள்ளினும், கேட்டவன் கேட்டதை உணர்ந்து செயலை மேற்கொள்பவன் என்பது இருவர்க்கும் உடன்பாடு.

பகவத்கீதை இச்சிக்கலை மறைக்கவில்லை. அதன் 18 ஆம் அத்தியாயம், செயலுக்கு இடம், செய்வோன், கருவிகள், பல்வகை முயற்சிகள், தெய்வம் என ஐந்து காரணங்களைக் கூறி, தானொருவனே செய்பவன் என எண்ணுபவன் சரிவரக் காணாதவன் என்கின்றது. அருச்சுனனுடைய இயல்பே அவனைப் போருக்கு இழுக்கும் என்றும் கண்ணபிரான் எச்சரிக்கின்றார். ஆயினும் உபதேசத்தின் முடிவிலே, கூறியவற்றை முற்றும் ஆராய்ந்து விரும்பியவாறு செய்யுமாறு அவனிடமே விட்டுவிடுகின்றார். கட்டாயப்படுத்த வல்லவன் கட்டாயப்படுத்தாது நிற்றலே அவ்விடத்தின் சிறப்பு.

பிரமசூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்து மூன்றாம் பாதம், ஏவல்களும் விலக்குகளும் பொருளுடையனவாதல் வேண்டுமாதலின் உயிர் வினைமுதலே என நிறுவுகின்றது. இறைவனே உயிரைச் செயற்படுத்துகின்றான் எனப் பின்னர் கூறி, அதுவும் உயிரின் முயற்சியை நோக்கியே நிகழும் என வரையறுக்கின்றது. முடிந்த நிலையில் ஆன்மாவுக்குச் செயலில்லை என்று கொண்ட சங்கரரும் உலக வழக்கில் இதனை ஏற்றார். மழை எல்லா வித்துக்கும் பொது. முளைக்கும் பயிரின் வேறுபாடு வித்தினால் ஆவது என்பது அவர் தந்த உவமை. இருவர்க்குப் பொதுவான சொத்தை ஒருவன் பிறனுக்கு வழங்கப் பங்காளியின் இசைவு வேண்டும். எனினும் வழங்கிய பயன் இசைவு பெற்று வழங்கியவனுக்கே உரியது என்பது இராமாநுசர் தந்த விளக்கம்.

13 ஆம் நூற்றாண்டில் மெய்கண்டதேவர் சிவஞானபோதத்தின் வாயிலாக நிலைநிறுத்திய சைவ சித்தாந்தத்தில் இவ்வரலாற்றின் சுவைமிக்க முடிபு ஒன்றைக் காணலாம். ஆசீவகர் முழுமுதலாகக் கொண்ட நியதி, சைவ ஆகமங்கள் கூறும் 36 தத்துவங்களுள் ஒன்றாக அடங்கிவிட்டது. அங்கே அதன் தொழில், செய்தவனையே செய்த வினையின் பயன் சென்று பொருந்துமாறு நிறுத்துதல். ஒருவன் வினையை மற்றொருவன் நுகராவண்ணம் காக்கும் கருவி அது. முன்பு பொறுப்பை அழித்த அதே நியதி, இங்கே பொறுப்பின் காவலனாகிவிட்டது. மேலும் சித்தாந்தம் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என வினையை மூன்றாகப் பகுத்தது. இன்று நுகரும் இன்பதுன்பம் பிராரத்தம். அதனை நுகருங்கால் ஒருவன் செய்யும் செயல் ஆகாமியமாக ஏறும். நுகர்ச்சி வந்து சேர்வது. செயல் நாம் செய்வது. இவ்வேறுபாட்டை மறப்பதனாலேயே வினைக்கொள்கை சோம்பற்கொள்கையாகத் திரிபடைகின்றது.

இவ்வரலாற்றில் ஒரு குறையையும் மறைத்தலாகாது. ஏவலை ஏற்கும் உரிமை எல்லா வருணத்தார்க்கும் உண்டு எனப் பாதரி என்னும் ஆசிரியர் கருதினார் என்பதை மீமாஞ்சா சூத்திரமே குறிக்கின்றது. ஜைமினி அதனை ஏற்காது, நான்காம் வருணத்தாரை வேள்வியினின்று விலக்கினார். வினைமுதலின் தன்வயத்தை நிலைநாட்டிய மரபே பிறப்பினால் அதற்கு வேலியும் இட்டது. பிறப்பினால் ஒருசாரரை ஒதுக்கி, அஃது அவர்தம் முன்வினை எனக் கூறி அமைந்த வழக்கம் நம் நாட்டிலும் நெடுங்காலம் நிலவிற்று. இவ்வாறு கூறியவர் சத்தாலபுத்தனின் பிழையையே மறுதலையாகச் செய்தனர். பிறனது துன்பம் அவன் வினைப்பயனாகவே இருப்பினும், அத்துன்பத்தின் முன் நிற்கும் எனக்கு விதிக்கப்பட்டது ஈகையும் இரக்கமுமே. பிறன் பிராரத்தம் என் கடமைக்கு விலக்காகாது. நான் முகந்திருப்பிச் செல்வேனாயின் அஃது என் ஆகாமியம்.

ஆகவே விதி என்னும் சொல்லின் இரு பொருளும் முடிவில் முரணுவனவல்ல. ஊழாகிய விதி நேற்றுச் செய்ததனைப் பற்றியது. ஏவலாகிய விதி இன்று செய்ய வேண்டியதனைப் பற்றியது. முன்னதை அறிதலாற் பொறுமையும், பின்னதை அறிதலாற் கடமையுணர்வும் பிறத்தல் வேண்டும். பரீட்சையிற் தோல்வியுற்ற மாணாக்கன் தலையெழுத்து என்று கூறி அமைவானாயினும், அயலானின் வறுமையைக் கண்ட செல்வன் அவன் விதி என்று கூறி அகல்வானாயினும், அவர்கள் பேசுவது கோசாலரின் கொள்கையேயன்றி நம் தரிசனங்களின் கொள்கையன்று. அவ்வேறுபாட்டைத் தெளிவுற உணர்த்துதல் இந்து மெய்ப்பொருளியலைக் கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் உரிய விதியாகும்.