மோட்டார் சைக்கிள் பட்டறைக்காரர் செய்த மாண்டலின்



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் மாண்டலின் ஸ்ரீநிவாஸ் கச்சேரி ஒன்றை எனக்கு அனுப்பி, "சார், இந்த மாண்டலினுக்கு வயிறே இல்லையே, சத்தம் எங்கிருந்து வருது?" என்று கேட்டிருந்தார். இயற்பியல் வாத்தியாரிடம் இப்படிக் கேட்டால் சும்மா விடுவேனா?

சாதாரண மாண்டலினில் எட்டுத் தந்திகள், நான்கு ஜோடிகளாக இருக்கும். தந்தியின் அதிர்வை உள்ளே வெற்றிடமான குடம் வாங்கிக் காற்றுக்குக் கொடுத்துவிடும். அதனால் சத்தம் உண்டு. ஆனால் சட்டென்று அடங்கிவிடும். அதில் மின்சாரம் சேர்த்தாலோ, ஒலிபெருக்கியின் சத்தம் திரும்ப வந்து குடத்தை ஆட்டும்; கருவி ஊளையிடும். குடத்துக்குப் பதில் கெட்டியான மரக்கட்டை வைத்தால் இரண்டு தொல்லையும் குறையும். தந்தியின் அதிர்வு நீண்ட நேரம் நிற்கும். தந்திக்கு அடியில் இருக்கும் காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருளும் அந்த அசைவை மின்சாரமாக மாற்றும். ஒன்பதாம் வகுப்பில் மின்காந்தத் தூண்டல் நடத்தினேனே, அதேதான்.

இதை ஆரம்ப காலத்திலேயே செய்து காட்டியவர்களில் ஒருவர் பால் பிக்ஸ்பி. 1899-ல் பிறந்த அமெரிக்கர். பரம்பரையாக வாத்தியம் செய்தவர் அல்ல. உலோக வார்ப்புக்கு மர அச்சு செய்வது, அதாவது நம் பட்டறைக்காரர்கள் 'பேட்டர்ன்' என்பார்களே, அதுதான் அவர் தொழில். 1930-களில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் குரோக்கர் மோட்டார் சைக்கிள் பட்டறையில் மேற்பார்வையாளராக இருந்தார். மெர்ல் டிராவிஸ் என்ற பாடகர் தன் கிட்டாரின் தந்தியை ஆட்டும் கருவியைச் சரிசெய்யக் கொடுத்தபோது, பிக்ஸ்பி புதிதாகவே ஒன்றைச் செய்துவிட்டார். பிறகு டிராவிஸ் வரைந்து கொடுத்த படத்தைப் பார்த்து 1948-ல் மெல்லிய உடல் கொண்ட மின்கிட்டார் ஒன்றும் செய்தார்.

1952-ல் டைனி மூர் என்ற மாண்டலின் கலைஞருக்கு அவர் செய்ததுதான் நம் கதைக்கு முக்கியம். கெட்டி மர உடல். ஜோடி இல்லாமல் ஐந்தே ஒற்றைத் தந்திகள். வயலின் சுருதியோடு கீழே ஒரு தந்தி கூடுதல். காந்தச் சுருளைத் தானே சுற்றினார். அதன் மூடி, தந்தி தாங்கும் பாலம் எல்லாவற்றையும் அலுமினியத்தில் தானே வார்த்தார். மூர் அதைப் பல்லாண்டுகள் வாசித்தார்.

பிக்ஸ்பி 1968-ல் காலமானார். ஸ்ரீநிவாஸ் 1969-ல் ஆந்திராவின் பாலகொல்லில் பிறந்தார். ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கர்னாடக இசைக்கும் ஐந்து ஒற்றைத் தந்தியும் மின்சாரமும்தான் கைகொடுத்தன. காரணம் எளிது. கமகத்துக்குத் தந்தியை இழுக்க வேண்டும். ஜோடித் தந்தியில் ஒன்று கூடவோ குறையவோ இழுபட்டால் சுருதி பேதம் வந்துவிடும். நாதமும் நடுவில் அறுந்துபோகக் கூடாது.

1950-ல் லியோ ஃபெண்டர் கெட்டி மரக் கிட்டாரைத் தொழிற்சாலையில் வரிசையாகச் செய்து விற்கத் தொடங்கினார். பெரும் பெயர் அவருக்குப் போனது. பிக்ஸ்பியோ ஒவ்வொன்றாகத்தான் செய்துகொண்டிருந்தார்.

இதை எழுதும்போது ஒன்று உறுத்துகிறது. "படிக்கலேன்னா பட்டறைக்குத்தான் போகணும்" என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! பட்டறை ஏதோ தண்டனை என்பது போல. தவறு என்னுடையது. லேத்திலும் வார்ப்படத்திலும் உழைக்கும் என் பிள்ளைகள் மன்னிக்க வேண்டும்.

உங்கள் கையால் செய்த பொருள் எதுவானாலும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். பார்க்க ஆசையாக இருக்கிறது.