செயின்ட் லூயிஸ் நீதிமன்றத்தின் படிகள்

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் நகரில், மிசிசிப்பி நதிக்கு அருகே, உயர்ந்த இரும்புக் குவிமாடத்துடன் ஒரு பழைய நீதிமன்றம் நிற்கிறது. அந்நாட்டில் மாநிலத்தின் உட்பிரிவைக் 'கவுண்டி' என்பர். செயின்ட் லூயிஸ் கவுண்டியின் நீதிமன்றமாக விளங்கியது இக்கட்டடமே. உயில், கடன், சொத்து, குற்றம் என மக்களின் வழக்குகள் இங்கேயே தீர்க்கப்பட்டன.

இறந்தோரின் சொத்தைப் பங்கிடுவதும் நீதிமன்றத்தின் பணி. அக்காலச் சட்டம் அடிமைகளையும் சொத்தாகவே எண்ணியது. ஆகவே இதன் படிகளில் மனிதர் ஏலம் விடப்பட்டனர்.

ஆயினும், சட்டத்திற்குப் புறம்பாக அடிமைப்படுத்தப்பட்டவர் விடுதலை கோரி வழக்குத் தொடுக்கவும் மிசௌரியின் சட்டம் இடமளித்தது. செயின்ட் லூயிஸில் இவ்வாறு 300-க்கும் மேற்பட்ட வழக்குகள் பதிவாயின.

1846 ஏப்ரலில் ட்ரெட் ஸ்காட்டும் அவர் மனைவி ஹாரியட்டும் தனித்தனியே மனுச் செய்தனர். அடிமைமுறை தடைசெய்யப்பட்ட பகுதிகளில் தாங்கள் வாழ்ந்திருந்தமையால் தாங்கள் சுயாதீனர் என்பதே அவர்கள் வாதம். இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. ஹாரியட் ஆராதித்த ஆப்பிரிக்க பாப்திஸ்து சபையின் போதகர் ஜான் ஆண்டர்சன் அவர்களுக்கு உதவியிருக்கலாம் என்று வரலாற்றாசிரியர் கருதுகின்றனர்.

1847-இல் சாட்சியக் குறைவினால் வழக்குத் தோற்றது. 1850-இல் அதே நீதிமன்றத்தின் ஜூரிகள் அவர்களை விடுவித்தனர். 1852-இல் மாநில உச்சநீதிமன்றம் அதைத் தள்ளியது. 1857 மார்ச் 6 அன்று, நாட்டின் உச்சநீதிமன்றம், ஒன்பது நீதிபதிகளில் எழுவரின் தீர்ப்பாக, ட்ரெட் ஸ்காட்டின் கோரிக்கையை நிராகரித்தது. கறுப்பின மக்கள் அந்நாட்டின் குடிமக்களாக முடியாது என்று தலைமை நீதிபதி டேனி எழுதினார்.

அவ்வாண்டு மே 26 அன்று, முன்னாள் எஜமானின் மகன் டெய்லர் ப்ளோ அக்குடும்பத்தை இதே செயின்ட் லூயிஸில் விடுவித்தார். ட்ரெட் ஸ்காட் அடுத்த ஆண்டு செப்டம்பரில் மரித்தார். ஹாரியட்டோ 1876 வரை வாழ்ந்து, அடிமைமுறை ஒழிந்ததையும், 1868-இன் அரசியல் சட்டத் திருத்தம் அத்தீர்ப்பை அகற்றியதையும் கண்டார்.

பிரியமானவர்களே, மனிதரை விற்ற படிகளும், அவர்களை விடுவித்த ஜூரிகள் அமர்ந்த அறையும் ஒரே கட்டடத்தைச் சேர்ந்தவை. கற்கள் நீதி செய்வதில்லை. உள்ளே அமர்வோரே செய்கின்றனர். ஆனால் யாரோ ஒருவர் அப்படிகளில் ஏறிச்சென்று கேட்டாலன்றி, அவர்களுக்கும் நீதி செய்ய வாய்ப்பில்லை. நம் அருகே கேட்கத் துணிவற்று நிற்பவர் எவர்? அவரோடு நாம் படியேறுவோமா?