உடனடி மீ: நாக்கும் ஒரு வரலாற்றுச் சான்று

ஆசிரியர்களே, மாணவர்களே, ஜப்பானின் 'சிக்கன் ராமென்' மீயை நம் பிள்ளைகளிடம் கொடுத்து மதிப்பெண் போடச் சொன்னால் என்ன சொல்வார்கள்? "சப்புன்னு இருக்கு சார், பத்துக்கு மூணுதான்!" மேகி கறியில் வளர்ந்த நாக்கு அப்படித்தான் சொல்லும். அந்தத் தீர்ப்பு நியாயமா? கொஞ்சம் வரலாற்றைப் பார்ப்போம், வாங்க.

போருக்குப் பின் ஜப்பானில் கடும் உணவுப் பற்றாக்குறை. அமெரிக்கக் கோதுமை வந்தது. அரசு ரொட்டி உண்ணச் சொன்னது. 'மக்கள் பழகிய மீயாகவே கொடுத்தால் என்ன?' என்று யோசித்தவர் தைவானில் பிறந்த மொமொஃபுகு ஆண்டோ. ஒசாகாவுக்கு அருகில் இகெடாவில், வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் அவர் சோதனை செய்தார். வேகவைத்த மீயை எண்ணெயில் பொரித்தால் ஈரம் வெளியேறிச் சிறு துளைகள் உண்டாகும். பின்பு வெந்நீர் ஊற்றினால் நீர் அத்துளைகளில் புகுந்து மீயை மென்மையாக்கும். இதுதான் சூட்சுமம். 1958 ஆகஸ்ட் 25இல் 'சிக்கன் ராமென்' விற்பனைக்கு வந்தது. கோழிச்சாற்றின் சுவை மீயிலேயே ஊறியிருந்தது. தனித் தூள் கிடையாது.

மாணவர்களே, இங்கே ஒரு தவறு செய்யாதீங்க. 'ஏழைகளின் மலிவு உணவாகப் பிறந்தது' என்று எழுதிவிடுவோம். அப்போது அதன் விலை 35 யென். சாதாரண உடோன் மீயோ 6 யென்தான். எண்ணம் பசியில் பிறந்தது. பண்டம் முதலில் மலிவாக இல்லை.

பிறகு ஒவ்வொரு நாடும் அதைத் தன் நாக்குக்கு வளைத்தது. தென்கொரியாவின் சம்யாங் நிறுவனம் ஜப்பானிய நுட்பத்தைக் கற்று 1963இல் கோழிச்சாறு மீயை விற்றது. 1986இல் வந்த 'ஷின் ராம்யொன்' காரத்துக்கு மாறியது. அதன் பெயரில் உள்ள எழுத்தின் பொருளே காரம்தான். இந்தோனேசியாவில் 1972இல் தொடங்கிய இண்டோமி, 1983இல் இனிப்புக் கிச்சாப் சேர்த்த 'மீ கோரெங்' தந்தது. அதில் நீரை வடித்துவிட வேண்டும். நம் ஊரிலோ மாமாக் கடைக்காரர் பொட்டல மீயை முட்டையோடு பிரட்டி 'மேகி கோரெங்' ஆக்கிவிட்டார்.

ஆக, சுவையை மதிப்பிடும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: யாருக்காகச் செய்தார்கள்? எந்தக் காலத்தில்? எந்த உணவுக்கு மாற்றாக? அதன்பின் மீயின் இழுவை, சாற்றின் அடர்த்தி, உப்பு, காரம் ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதுங்கள். 'நல்லா இருக்கு' என்பது தீர்ப்பு. காரணம் சொன்னால்தான் மதிப்பீடு.

வகுப்பில் செய்து பார்ப்பதானால், உட்பொருள் பட்டியலை முதலில் படியுங்கள். ஹலால், மாட்டிறைச்சி, சைவம் எல்லாம் பார்க்க வேண்டும். நம் நாக்கை மட்டும் அளவுகோலாக வைத்து அடுத்தவர் உணவை அளந்தால், நம் காலத்தை அளவுகோலாக வைத்து முன்னோரை அளக்கும் தவற்றையே செய்கிறோம். இந்த ஒன்றைப் புரிந்துகொண்ட மாணவர், வரலாற்றுத் தாளிலும் நன்றாகவே எழுதுவார்.