பாவியின் மன்றாட்டு

பாவியின் மன்றாட்டு என்பது, தன்னைப் பாவி என்று ஏற்றுக்கொள்ளும் ஒருவர் அதற்காக மனம் வருந்தி, இயேசு கிறிஸ்துவை மீட்பராக ஏற்பதாகக் கடவுளிடம் கூறும் குறுகிய வேண்டுதல் ஆகும். பாவியின் ஜெபம், பாவமன்னிப்பு ஜெபம், ஒப்புக்கொடுத்தல் ஜெபம் என்றும் இதனை அழைப்பர். சீர்திருத்தத் திருச்சபைகளுள் நற்செய்தி இயக்கம் சார்ந்த சபைகளில் இது பெருவழக்காக உள்ளது. நற்செய்திக் கூட்டத்தின் முடிவில் போதகர் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, மக்கள் அதைத் திருப்பிச் சொல்வது வழக்கம். கைப்பிரதிகளின் கடைசிப் பக்கத்திலும் இது அச்சிடப்படுகிறது.

இம்மன்றாட்டைச் சொன்ன ஒருவர் அந்தக் கணத்திலேயே மீட்பு அடைந்துவிட்டாரா என்பது கிறிஸ்தவர்களிடையே நீண்ட நாள் விவாதம். ஆம் எனில் திருமுழுக்கு, சபை வாழ்வு, நல்நடத்தை ஆகியவற்றின் இடம் என்ன என்ற கேள்வி எழுகிறது. இல்லை எனில், மீட்பு கிடைத்துவிட்டது என்று நம்பிக் கூட்டத்திலிருந்து வீடு திரும்பிய பலரின் நிலை என்ன என்ற கேள்வி எழுகிறது.

விவிலியப் பின்னணி

இன்று வழங்கும் வடிவில் இம்மன்றாட்டு விவிலியத்தில் எங்கும் இல்லை. ஆயினும் இதற்கு ஆதாரமாகச் சில பகுதிகள் காட்டப்படுகின்றன. லூக்கா 18ஆம் அதிகாரத்தில், கோவிலில் தூரத்தில் நின்று மார்பில் அடித்துக்கொண்டு இரக்கம் வேண்டிய வரிதண்டுபவர் கடவுளுக்கு ஏற்புடையவராக வீடு திரும்பினார் என்று இயேசு கூறுகிறார். இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்ட குற்றவாளி ஒரே ஒரு விண்ணப்பத்தால் பேரின்ப வீட்டின் வாக்குறுதி பெற்றார் (லூக்கா 23). வாயால் அறிக்கையிட்டு உள்ளத்தால் நம்புவோர் மீட்புப் பெறுவர் எனப் பவுல் எழுதுகிறார் (உரோமையர் 10).

மறுதரப்பினர் காட்டும் பகுதிகளும் உண்டு. ஆண்டவரே என்று அழைப்போர் எல்லோரும் விண்ணரசில் நுழைவதில்லை என்பது மத்தேயு 7ஆம் அதிகாரத்தின் எச்சரிக்கை. பெந்தகோஸ்து நாளில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டவர்களிடம், மனம் மாறித் திருமுழுக்குப் பெறுமாறு பேதுரு கூறினார் (திருத்தூதர் பணிகள் 2). சக்கேயு தன் உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கவும், ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தரவும் முன்வந்த பின்னரே, அவர் வீட்டுக்கு மீட்பு வந்ததாக இயேசு அறிவித்தார் (லூக்கா 19).

‘மெத்தனோயா’ என்ற கிரேக்கச் சொல் இவ்விவாதத்தின் மையத்தில் உள்ளது. அதன் பொருள் மனத்தின் மாற்றம். தமிழில் சீர்திருத்தத் திருச்சபையினரின் பழைய மொழிபெயர்ப்பு இதனை ‘மனந்திரும்புதல்’ என்றும், பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ‘மனம் மாறுதல்’ என்றும் வழங்குகின்றன. இரண்டு சொற்களும் வெறும் வருத்தத்தை மட்டும் குறிக்காமல், போகும் வழியை விட்டு மறுவழி செல்வதைக் குறிக்கின்றன.

தொடக்கத் திருச்சபை

முதல் நூற்றாண்டுகளில் ஒருவர் கிறிஸ்தவராவதற்கான வாயில் திருமுழுக்கே. கி.பி. 155ஆம் ஆண்டையொட்டி எழுதிய யுஸ்தீன், நம்பிக்கை கொண்டோர் தம் பழைய பாவங்களின் மன்னிப்புக்காக நோன்பிருந்து மன்றாடினர் என்றும், சபையாரும் அவர்களோடு நோன்பிருந்து மன்றாடினர் என்றும், அதன் பின்னரே அவர்கள் நீர்நிலைக்கு அழைத்துச் செல்லப்பட்டனர் என்றும் விவரிக்கிறார். அதாவது மனவருத்த மன்றாட்டு அன்றும் இருந்தது; ஆனால் அது தனித்து நிற்கவில்லை. இப்போலித்துவின் பெயரால் வழங்கும் ‘திருத்தூதர் மரபு’ என்னும் நூல் திருமுழுக்குக்கு முன் மூன்று ஆண்டுகள் போதனை பெற வேண்டும் என்கிறது. ஆர்வம் மிக்கவருக்குக் காலத்தைவிட நடத்தையையே பார்க்க வேண்டும் என்றும் சேர்த்துக் கூறுகிறது.

கத்தோலிக்க, கிழக்குத் திருச்சபை மரபுகள்

திருமுழுக்குக்குப் பின் செய்த பாவங்களுக்கு ஒப்புரவு அருட்சாதனம் ஏற்பட்டது. 1215ஆம் ஆண்டின் நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், பகுத்தறியும் வயது வந்தோர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என விதித்தது. 1551இல் திரெந்துப் பொதுச்சங்கம் மனத்துயர், அறிக்கை, பரிகாரம் ஆகிய மூன்றையும் இதன் கூறுகளாக வரையறுத்தது. தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கும் உத்தம மனஸ்தாப மந்திரம் ஒரு வரையறுத்த மனவருத்தச் செபமே. எனினும் அது சொல்லளவில் மீட்பைத் தரும் என்று திருச்சபை கற்பிக்கவில்லை. உண்மையான மனத்துயரின் வெளிப்பாடாகவே அது கொள்ளப்படுகிறது.

கிழக்கு மரபுவழித் திருச்சபையில் வரிதண்டுபவரின் வேண்டுதலை ஒட்டிய ‘இயேசு செபம்’ உண்டு. ஆண்டவர் இயேசுவிடம் இரக்கம் கேட்கும் அச்சிறு செபத்தைத் துறவிகள் நாள்தோறும், வாழ்நாள் முழுவதும் திரும்பத் திரும்பச் சொல்கின்றனர். இங்கே செபம் ஒரு நொடியில் முடியும் செயலாக இல்லாமல், ஆயுள்காலப் பயிற்சியாகிறது.

சீர்திருத்தக் காலம்

1516இல் எராஸ்முஸ் புதிய ஏற்பாட்டைக் கிரேக்க மூலத்துடன் அச்சிட்டு வெளியிட்டார். இலத்தீன் மொழிபெயர்ப்பில் பரிகாரச் செயல் என்று புரிந்துகொள்ளப்பட்ட இடத்தில் மனமாற்றமே மூலப் பொருள் என்பது கற்றோர் கவனத்துக்கு வந்தது. 1517 அக்டோபர் 31இல் மார்ட்டின் லூத்தர் முன்வைத்த 95 கருத்துரைகளுள் முதலாவதே இதைப் பற்றியது. நம்புவோரின் வாழ்நாள் முழுவதும் மனமாற்றமாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆங்கிலத் திருச்சபை 1552ஆம் ஆண்டின் பொது மன்றாட்டு நூலில், காலை வழிபாட்டின் தொடக்கத்திலேயே சபையார் அனைவரும் சேர்ந்து சொல்லும் பாவ அறிக்கையை வைத்தது. இதுவும் ஒருமுறை சொல்லி முடிப்பதன்று.

ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட ‘மோட்சப் பயணம்’ இன்றைய மன்றாட்டுக்கு மிக நெருங்கிய முன்மாதிரி ஒன்றைத் தருகிறது. அதில் வரும் நம்பிக்கை என்னும் பாத்திரத்துக்கு, என்ன சொல்லி மன்றாட வேண்டும் என்று மற்றொருவர் சொல்லித் தருகிறார். ஆனால் ஒருமுறை சொன்னவுடன் அவருக்கு அமைதி கிடைக்கவில்லை. ஆறாம் முறை சொன்னபோதும் கிடைக்கவில்லை. விடாது மன்றாடிய பின்னரே அவர் தெளிவு பெறுகிறார். இந்நூலைத் தழுவியே எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் தமிழ்க் காப்பியத்தை வெளியிட்டார்.

எழுப்புதல் இயக்கங்கள்

அமெரிக்காவில் நார்த்தாம்ப்டன் ஊரில் 1734, 1735ஆம் ஆண்டுகளில் பெரும் எழுப்புதல் தோன்றியது. அரை ஆண்டில் முந்நூறு பேருக்கு மேல் மனம் திரும்பியதாக அவ்வூர்ப் போதகர் ஜோனத்தன் எட்வர்ட்ஸ் கணித்தார். அன்றைய தூய்மைவாத மரபில் மனமாற்றம் நீண்ட போராட்டம். தான் மீட்கப்பட்டோமா என்று அறிய மாதக்கணக்கில் தவித்தவர்கள் உண்டு. 1735 ஜூன் மாதத்தில் எட்வர்ட்சின் உறவினரான வணிகர் ஜோசப் ஹாலி தம் ஆன்ம நிலை குறித்த ஆழ்ந்த மனச்சோர்வில் உயிரை மாய்த்துக்கொண்டார். மறுபுறம், மனம் திரும்பியவர்களாகக் கருதப்பட்ட சிலர் பழைய வாழ்வுக்கே திரும்பினர். இவ்வனுபவங்களுக்குப் பின் எட்வர்ட்ஸ் 1746இல் எழுதிய ‘சமய உணர்வுகள்’ பற்றிய நூல், மெய்யான மனமாற்றத்துக்குப் பன்னிரண்டு அடையாளங்களைக் கூறுகிறது. அவற்றுள் தலையானது வாழ்க்கை நடத்தை.

நெடிய தவிப்புக்கு மாற்றாக உடனடி முடிவை வற்புறுத்தியவர் சார்லஸ் ஃபின்னி (1792–1875). சட்டம் பயின்றவரான இவர், ராச்செஸ்டர் நகரில் 1830, 1831இல் நடத்திய கூட்டங்களில் ‘கவலையுற்றோர் இருக்கை’ என்னும் முறையைப் பயன்படுத்தினார். மீட்பை நாடுவோர் முன்னே வந்து அவ்விருக்கையில் அமர வேண்டும். திருத்தூதர் காலத்தில் திருமுழுக்கு ஆற்றிய பணியை இது ஆற்றுகிறது என்று அவர் விளக்கினார். இன்றைய மன்றாட்டு முறைக்கு ஃபின்னியே மூலவர் எனப் பலர் கூறுவர். ஆனால் அவர் தம் 1835ஆம் ஆண்டுச் சொற்பொழிவுகளில், புதிய இதயம் வேண்டிச் செபிக்கும்படி பாவியிடம் சொல்வதையே போலி ஆறுதல்களுள் ஒன்றாக எண்ணினார். செபிப்பதோடு நின்றுவிடாமல் உடனே கடவுளுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பதே அவர் வாதம். ஜான் வில்லியம்சன் நெவின் 1843இல் வெளியிட்ட நூலில் அவ்விருக்கை முறையைக் கடுமையாகக் கண்டித்தார். முன்னே வருவதும் கிறிஸ்துவிடம் வருவதும் ஒன்றெனக் குழம்பிவிடும் என்பது அவர் அச்சம். போதனையாலும் சபை வளர்ப்பாலும் நம்பிக்கை ஊன்றப்பட வேண்டும் என்றார்.

பின்னர் டி. எல். மூடி (1837–1899) கூட்டத்துக்குப் பின் தனி அறையில் ஒவ்வொருவரோடும் பேசி மன்றாடும் முறையைப் பரப்பினார். பில்லி சண்டே (1862–1935) முன்னே வந்தோரிடம் கைகுலுக்கினார்.

இருபதாம் நூற்றாண்டு

மன்றாட்டின் சொற்கள் ஏறத்தாழ ஒரே வடிவம் பெற்றது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். 1949ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் கூட்டங்களால் புகழ்பெற்ற பில்லி கிரகாம், முன்னே வந்தோரை ஒரு மன்றாட்டில் வழிநடத்தினார். 1956இல் அவர் இந்தியா வந்தபோது சென்னையிலும் கூட்டங்கள் நடந்தன. முன்னே வந்தோரின் பெயர்களை அட்டையில் குறித்து உள்ளூர்ச் சபைகளிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு அவர் குழுவினரிடம் இருந்தது. மன்றாட்டு தொடக்கம் மட்டுமே என்ற எண்ணம் இதில் வெளிப்படுகிறது.

1951இல் மாணவர் நற்செய்தி இயக்கமொன்றைத் தொடங்கிய பில் பிரைட், ‘நான்கு ஆன்மீக விதிகள்’ என்னும் சிறுநூலை உருவாக்கினார். இதன் இறுதியில் அச்சிட்ட மன்றாட்டு பல மொழிகளுக்குச் சென்றது. நாட்டுக்கு நாடு, ஊருக்கு ஊர் ஒரே சொற்களில் மன்றாட்டு ஒலிக்க இத்தகைய கைப்பிரதிகள் முக்கியக் காரணம்.

இறையியல் விவாதம்

ஆதரிப்போர், நம்பிக்கை வாயால் வெளிப்பட வேண்டும் என்றும், படிப்பறிவில்லாதவரும் மரணப்படுக்கையில் உள்ளவரும் கடவுளை அணுக இம்மன்றாட்டு எளிய வழி என்றும் கூறுவர். சொற்கள் தெரியாமல் திகைப்பவருக்குச் சொல் எடுத்துக் கொடுப்பதில் தவறில்லை என்பது அவர்கள் கருத்து.

எதிர்ப்போர் ஒரே காரணத்தைக் கூறுவதில்லை. லூத்தரன் சபையினர், மனிதரின் முடிவு அன்று, கடவுளின் அருளே மீட்கிறது என்பர். கால்வினிய மரபினர், புதுப்பிறப்பு மன்றாட்டுக்கு முற்பட்ட கடவுளின் செயல் என்பர். கிறிஸ்துவின் சபை என வழங்கும் சபையினர், பாவமன்னிப்புத் திருமுழுக்கில்தான் கிடைக்கிறது என்பர். ஜெர்மனியில் நாட்சி ஆட்சியின்போது டீட்ரிக் போன்ஹோபர் 1937இல் வெளியிட்ட நூல், மனமாற்றம் கோராத மன்னிப்பை ‘மலிவான அருள்’ என்று சாடியது. அவர் சாடியது தம் நாட்டுத் திருச்சபையின் போக்கையே. எனினும் பிற்காலத்தில் இவ்விவாதத்திலும் அச்சொல் அடிக்கடி எடுத்தாளப்பட்டது. 1988இல் ஜான் மெக்கார்தர், இயேசுவை ஆண்டவராக ஏற்றுப் பின்பற்றாத நம்பிக்கை மீட்புக்குரியதன்று என எழுதினார். நம்பிக்கையோடு எதைச் சேர்த்தாலும் அருள் இலவசமாக இராது என 1989இல் ஜேன் ஹாட்ஜஸ் மறுத்தார்.

2012இல் டேவிட் பிளாட் என்னும் போதகர் இம்மன்றாட்டு மூடநம்பிக்கையாக மாறிவருவதாகக் கூறியது பரபரப்பை உண்டாக்கியது. அதே ஆண்டு ஜூன் மாதம் நியூ ஆர்லியன்சில் கூடிய தெற்கத்திய பாப்திஸ்து மாநாடு இதுபற்றித் தீர்மானம் நிறைவேற்றியது. மனமாற்றத்தையும் நம்பிக்கையையும் வெளிப்படுத்தும் மன்றாட்டு விவிலியத்துக்கு ஏற்றதே என்று அது உறுதி செய்தது. அதே வேளையில், உச்சரித்த அளவில் மீட்பைத் தரும் மந்திரமாக அதைக் கருதக் கூடாது என்றும் கூறியது.

பொதுக் கருத்து

இம்மரபுகள் பலவற்றில் வேறுபட்டாலும், உள்ளம் சாராத சொற்கள் தம் ஆற்றலால் மீட்பைத் தருவதில்லை என்பதில் ஒன்றுபடுகின்றன. மனமாற்றத்தோடு வேண்டுபவரைக் கடவுள் புறக்கணிப்பதில்லை என்பதையும் அனைத்து மரபுகளும் ஏற்கின்றன. வேறுபாடு, அந்த மன்னிப்பு எங்கே, எவ்வாறு உறுதிப்படுகிறது என்பதில்தான். இன்று நற்செய்திச் சபைகள் பலவற்றில், மன்றாட்டுச் சொன்னவரை வேதபாட வகுப்புக்கும் திருமுழுக்குக்கும் அழைத்துச் செல்வது வழக்கமாகியுள்ளது.