தங்கச் சுரங்கமும் நட்சத்திர ஆராய்ச்சியும்

தமிழகத்தின் வடவெல்லை என்று பழைய இலக்கணம் குறித்த வேங்கடமலை இன்று ஆந்திர மாநிலத்தில் உள்ளது. திருப்பதியிலிருந்து சித்தூர் வந்து, மேற்கே பலமநேர் வழியாக மேட்டுநிலம் ஏறி, வெங்கடகிரிகோட்டையைக் கடந்து சென்றால், கர்நாடக எல்லைக்குள் கோலார் தங்கவயல் வந்துவிடும். 1880ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் நடத்திய அச்சுரங்கங்களில் இறங்கி உழைத்தவர்களுள் மிகப் பலர், சித்தூர், வட ஆற்காடு முதலிய பகுதிகளிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற ஏழை மக்கள். அவருள் பெரும்பாலோர் தமிழர். பொன்னுக்காக அவர்கள் வெட்டிய பாதாளம், பிற்காலத்தில் வானத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்கு இடமளித்தது. அந்த வரலாற்றை நேயர்கள் அறிந்திருத்தல் நன்று.

சூரியன் எதனால் எரிகிறது? ஹைட்ரஜன் அணுக்கள் கூடி ஹீலியமாக மாறுவதே காரணமாகலாம் என்று 1920இல் எடிங்டன் கூறினார். அவ்வினைகளின் வரிசையை 1938, 1939ஆம் ஆண்டுகளில் ஹான்ஸ் பெத்தே முதலியோர் வகுத்தனர். ஆயினும் ஏட்டுக் கணக்கு மட்டும் போதாது. வினைகள் என்ன வேகத்தில் நடைபெறுகின்றன என்பதைப் பரிசோதனைச்சாலையில் அளந்தறிய வேண்டும். இங்கேதான் இடர் தோன்றுகிறது. சூரியனின் நடுவே வெப்பம் ஏறக்குறைய 1.5 கோடி டிகிரி. அந்த வெப்பத்திலும் இரண்டு அணுக்கருக்கள் தம்முள் உள்ள மின் விலக்கத்தை வென்று கூடுவது மிக அரிது. அவ்வருமையினால்தான் சூரியன் பல நூறு கோடி ஆண்டுகள் நின்று எரிகிறது. அதே அருமை ஆராய்ச்சியாளருக்குத் தடையாகிறது. நட்சத்திரத்தில் உள்ள ஆற்றல் நிலையிலேயே அணுக்கருக்களை மோதவிட்டால், நாட்கணக்கில் காத்திருந்தாலும் ஒரு வினை நிகழ்வது அருமை.

காத்திருக்கும் உணர்கருவியோ சும்மா இருப்பதில்லை. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதி மியூவான் என்னும் துகள்களைப் பொழிகின்றன. நம் உள்ளங்கை அளவுள்ள பரப்பில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 மியூவான்கள் விழுகின்றன. அவை கருவியில் எழுப்பும் சந்தடிக்கிடையே ஓர் அரிய வினையைக் காண முயல்வது, பிரம்மோற்சவக் கூட்டத்தின் நடுவே ஒரு குழந்தையின் கொலுசொலிக்குச் செவி கொடுப்பதை ஒக்கும். அச்சந்தடியை அடக்கவல்லது ஆழ்ந்த பாறை ஒன்றே.

எவ்வளவு ஆழம் வேண்டும்? கோலார் இதற்கு விடையளித்தது. 1950களின் தொடக்கத்தில், டாட்டா ஆராய்ச்சி நிலையத்தின் ஹோமி பாபா அவர்களின் தூண்டுதலால், பி. வி. ஸ்ரீகண்டன் கருவிகளுடன் சுரங்கத்தில் இறங்கி, படிப்படியாக ஆழத்தில் மியூவான்களை எண்ணினார். அடுத்த பத்தாண்டில் மியாகே, நரசிம்மம், ரமணமூர்த்தி ஆகியோர் இன்னும் கீழே சென்றனர். சுமார் 2,760 மீட்டர் ஆழத்தில் இரண்டு மாத காலம் கருவி இயங்கியும் ஒரு மியூவான்கூடப் பதிவாகவில்லை. பூமிக்குள்ளே அத்தகைய நிசப்தம் உண்டென்பது தெரியலாயிற்று.

அந்த நிசப்தத்தை நம்பி, 1965இல் டாட்டா நிலையத்தாரும், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் சர்வகலாசாலையாரும் கூடி, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் உணர்கருவிகளை நிறுவினர். மேனன், வுல்ஃபெண்டேல் முதலியோர் அக்குழுவில் இருந்தனர். துகள் ஊடுருவும்போது மெல்லொளி வீசும் பிளாஸ்டிக் பலகைகள், அவ்வொளியை மின்துடிப்பாக்கும் குழாய்கள், துகள் சென்ற தடத்தைக் காட்டும் நியான் குழாய்கள், இவையே கருவிகள். மேலிருந்து தப்பி வரும் மியூவான் பெரும்பாலும் செங்குத்தாகவே வரும். கிடையாக ஒன்று வருமாயின், பாறையில் நியூட்ரினோ மோதிப் பிறந்ததாகவே அது இருத்தல் வேண்டும். அவ்வாறு வந்தவை விரல்விட்டு எண்ணத்தக்கவையே. காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவைக் கண்ட முதற் கட்டுரை, 1965 ஆகஸ்டில் கோலாரிலிருந்து வெளிவந்தது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் முயன்ற ரெய்ன்ஸ் குழுவினர் தம் முதல் நிகழ்ச்சியை அதற்கு முன்பே கண்டிருந்தனர். அவர்கள் கட்டுரை சில நாட்கள் பிந்தி வந்தது.

கோலாரில் நட்சத்திர வினைகள் அளக்கப்படவில்லை. அப்பணி இத்தாலியில் கிரான் சாஸோ மலையின் கீழ், 1,400 மீட்டர் பாறையின் மறைவில், 1990களில் தொடங்கியது. இரண்டு ஹீலியம்-3 அணுக்கருக்கள் கூடும் வினையைச் சூரியனில் உள்ள ஆற்றல் நிலையிலேயே அங்கு அளந்தனர். மிகக் குறைந்த ஆற்றலில் மாதத்துக்கு ஏறத்தாழ இரண்டு வினைகளே கிடைத்தன. நைட்ரஜனும் புரோட்டானும் கூடும் வினையின் வேகம் முன்பு எண்ணியதில் பாதியே என்று 2004இல் அவர்கள் வெளியிட்டனர். அதன் பயனாக, மிகப் பழைய நட்சத்திரக் கூட்டங்களின் வயதுக் கணக்கில் 70 முதல் 100 கோடி ஆண்டுகள் கூடின. நிலத்தடியில் பொறுமையாக எண்ணிய எண்ணிக்கை, வானத்தின் வயதையே திருத்திவிட்டது.

இத்தாலிய மலையினும் ஆழமான இடம் நம்மிடம் இருந்தது. 1990களின் தொடக்கத்தில் கோலார் ஆராய்ச்சி நின்றது. 2001இல் சுரங்கங்களும் மூடப்பட்டன. நீரிறைக்கும் பம்புகள் ஓய்ந்தபின் ஆழங்களில் நீர் நிறைந்தது. இன்று கல்கத்தாவில், மேகநாத சாகாவின் பெயர் தாங்கிய நிலையத்தில், நட்சத்திர வினைகளை ஆராய்வதற்கென்றே 30 லட்சம் வோல்ட் துகள் முடுக்கி உள்ளது. அது நிலத்தின்மேல் அமைந்தது. ஜார்க்கண்டின் ஜாதுகூடா யுரேனியச் சுரங்கத்தில் 2017இல் திறந்த ஆய்வுக்கூடத்தின் ஆழம் 555 மீட்டர். கோலாரின் ஆழம் இந்நாட்டு விஞ்ஞானத்துக்கு மீண்டும் வாய்க்கவில்லை.

1965ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பில் விஞ்ஞானிகளின் பெயர்கள் உள்ளன. வெந்நீர்போற் சுடும் பாறையில், பாறைவெடிப்புக்கு உயிரைப் பணயம் வைத்து அந்த ஆழத்தை வெட்டியவர்களின் பெயர்கள் இல்லை. ஊர் விட்டு ஊர் சென்று உழைத்த அவர்களுடைய வழியினர் இன்னும் தங்கவயலில் வாழ்கின்றனர்; வேலை தேடி நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறுகின்றனர். தம் பாட்டனார் வெட்டிய குழியில் உலகம் எதைக் கேட்டது என்பதை அவர்களுக்கு எடுத்துரைப்பது, அறிந்தவர் கடமை.